டைப்போகிராஃபி பழக, முதலில் ‘கட்டடம்’ என்ற சொல்லை வெட்டி ஒட்டுங்கள்

சிவகாசியில் எங்கள் டிசைன் அறைக்கு வேலை பழக வருகிற பிள்ளைகள் முதல் நாளே கேட்பது ஒன்றுதான்: “அக்கா, இதுக்கு எந்த ஃபான்ட் போடலாம்?” நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு கத்தரிக்கோல், பசை, வெள்ளைச் சார்ட் அட்டை எடுத்துக் கொடுத்து உட்கார வைப்பேன். கம்ப்யூட்டர் மூன்றாம் நாள்தான்.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஈய எழுத்தைக் கையால் அடுக்கிய கம்போசிட்டர். பள்ளி விட்டதும் அவர் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துகள் கிடக்கும் கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். எழுத்தை எடுப்பதைப் போலவே இடைவெளியையும் எடுப்பார். இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு ஈயத் துண்டு. இரண்டு வரிக்கு நடுவே ஒரு ஈயப் பட்டை. அச்சில் எதுவும் விழாத அந்தத் துண்டுகளும் கையில் கனக்கும். இன்று மென்பொருளில் ‘லீடிங்’ என்று இருப்பது அந்த ஈயப் பட்டையின் பெயர்தான். இப்போது அது ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண். கைக்குத் தட்டுப்படாததால் கண்ணுக்கும் தட்டுப்படுவதில்லை. டைப்போகிராஃபி, அதாவது எழுத்தையும் இடத்தையும் அமைக்கும் கலை, பழக நினைக்கிற ஒருவர் முதலில் திரும்பப் பெற வேண்டியது, வெள்ளை இடத்தை ஒரு பொருளாக எடுத்து வைக்கிற அந்தக் கையைத்தான்.

அதற்குத்தான் கத்தரிக்கோல்.

தடித்த எழுத்துரு ஒன்றில், 150 பாயின்ட் அளவில், ‘கட்டடம்’ என்று அச்சிடுங்கள். ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் ஏறக்குறைய ஒரே வரியில் அடங்கும். அடங்காவிட்டால் இரண்டு தாளில் எடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் அதன் ஓரத்தை ஒட்டியே வெட்டுங்கள். புள்ளிகள் தனியாக விழும், தொலைத்துவிடாதீர்கள். பிறகு ஸ்கேல் வைத்து எழுத்துக்கு எழுத்து சரியாக 3 மில்லிமீட்டர் விட்டு அட்டையில் அடுக்குங்கள். ஒட்ட வேண்டாம். எட்டி நின்று பாருங்கள்.

அளவு சரியாக இருக்கிறது, ஆனால் சொல் சரியாக இல்லை. ‘ட’வின் வலது மேல்பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கே ஒரு குளம் போல வெள்ளை தேங்கி நிற்கும். ‘கட்ட’ ஒரு பக்கமும் ‘டம்’ ஒரு பக்கமும் பிரிந்து போகிற மாதிரி இருக்கும். சரி, நெருக்குவோம் என்று இரண்டு ‘ட’க்களையும் ஒட்டக் கொண்டு வந்தால் இன்னொரு வம்பு: முதல் ‘ட’வும் அடுத்த ‘ட’வின் செங்குத்துக் கோடும் சேர்ந்து ‘ப’ ஆகிவிடும். குளத்தை வற்ற வைக்கவும் வேண்டும், ‘ப’ ஆகிவிடாமலும் காக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கண் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பாருங்கள், அதற்குப் பெயர்தான் கெர்னிங். ஸ்கேல் சொல்லும் சமம் வேறு, கண் உணரும் சமம் வேறு. கண்ணுக்கே முதலிடம் கொடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் அட்டையைத் தலைகீழாகத் திருப்புங்கள். சொல் படிக்க முடியாமல் போனதும் மனசு பொருளைத் தேடுவதை விட்டுவிடும், வெறும் கறுப்பும் வெள்ளையும் தெரியும். எங்கே ஓட்டை, எங்கே நெரிசல் என்பது அப்போதுதான் பளிச்சென்று படும். அப்பா ஈய எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பழகியவர். ஒரு வரியில் இடம் சரியில்லை என்றால் அச்சு எடுக்காமலே சொல்லிவிடுவார். ‘கட்டடம்’ முடிந்ததும் ‘பாட்டி’, ‘ரப்பர்’, ‘வாழ்க்கை’ என்று செய்யுங்கள். நான்கு சொல் போதும். ஒரு வாரம் தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகள் எல்லாம் உங்களைத் தொந்தரவு செய்யும். செய்யட்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது

பெயரைப் பார்த்து எழுத்துரு எடுக்கக் கூடாது. ‘தமிழ் அன்னை’ என்று அழகாக அச்சிட்டுக் காட்டும் மாதிரியையும் நம்பக் கூடாது. கஷ்டமான எழுத்துகளைக் கொடுத்துப் பாருங்கள். என் சோதனை வரி இது: கெ கே கொ கோ கி கீ ன ண ழ ள டு டூ பூ சூ ஹூ ணை ஞௌ க்ஷ ஸ்ரீ. இதை 24 பாயின்ட்டில் ஒருமுறை, 7 பாயின்ட்டில் ஒருமுறை அச்சிடுங்கள்.

7 பாயின்ட்டில் என்ன நடக்கிறது என்று உற்றுப் பாருங்கள். ‘கெ’வுக்கும் ‘கே’வுக்கும் உள்ள வேறுபாடு கொம்பின் மேலே இருக்கும் ஒரு சிறு சுழிதான். எகரத்தையும் ஏகாரத்தையும் புள்ளி வைத்துப் பிரித்த பழைய முறையை மாற்றி, கொம்பிலேயே வேறுபாடு காட்டியவர் வீரமாமுனிவர். ஓலையில் ஆணியால் கீறியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை என்பதால், குறிலா நெடிலா என்பதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு வந்த சுழி, மோசமான எழுத்துருவில் சிறிய அளவில் மை அடைத்துக் காணாமல் போனால் நாம் மறுபடி ஓலைக் காலத்துக்கே போய்விடுகிறோம். ‘கி’, ‘கீ’ இரண்டும் அப்படித்தான். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதும் முக்கியம். தடித்த எழுத்தில் ‘ண’வின் உள்ளே வெள்ளை செத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. மருந்துச் சீட்டு, பயிருக்கு அடிக்கும் மருந்தின் லேபிள், பஸ் நேரப் பட்டியல் போன்றவற்றில் இந்தச் சோதனையைச் செய்யாமல் எழுத்துரு தேர்ந்தெடுப்பது தவறு. இதை நான் எல்லோரிடமும் சண்டை போட்டே சொல்கிறேன்.

பழகுகிறவர்களுக்கு விலையில்லாமலே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் எல்லாம் உண்டு. கட்டமரனில் மெலிந்ததிலிருந்து தடித்தது வரை 9 கனங்கள் இருப்பதால் பழகுவதற்கு வசதி. ஏக் டைப் நிறுவனத்தின் அனேக் தமிழில் கனத்தோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். எழுத்தை மென்பொருளில் பிடித்து இழுத்துக் குறுக்கும் கெட்ட பழக்கத்துக்கு இது நல்ல மாற்று. இழுத்தால் செங்குத்துக் கோடு மட்டும் மெலியும், படுக்கைக் கோடு அப்படியே தடியாக நிற்கும். அந்த எழுத்து நோஞ்சானாகத் தெரியும்.

ஒரு மாதத்துக்கு ஒரே எழுத்துருவை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாவது எழுத்துருவைத் தேடும் ஆசை வரும்போதெல்லாம் அளவையோ கனத்தையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள்.

பாயின்ட் என்பது எதன் அளவு

ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். 12 பாயின்ட் என்றால் ஏறக்குறைய 4.2 மில்லிமீட்டர். ஆனால் உங்கள் 12 பாயின்ட் ‘க’வை அளந்தால் அந்த உயரம் இருக்காது. பாயின்ட் அளப்பது எழுத்தை அல்ல, எழுத்து உட்கார்ந்திருக்கும் ஈயக் கட்டையின் உயரத்தை. மேலே ‘கீ’யின் வளைவுக்கும் கீழே ‘பூ’வின் வாலுக்கும் சேர்த்துத்தான் கட்டை. கட்டைக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக நிற்கிறது என்பது வடிவமைத்தவர் முடிவு. அதனால் ஒரே 12இல் ஒரு எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரியும். இரண்டு மூன்று எழுத்துருவில் ‘க’வை அச்சிட்டு ஸ்கேலால் அளந்து, நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டு உங்களுக்குப் பல வருடம் உதவும்.

தாளும் அளவும் எப்போதும் சண்டை போடும். தரங்கம்பாடியில் கிறிஸ்தவ மிஷனரிகள் நடத்திய பழைய அச்சுக்கூடத்திலேயே அது நடந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் தாள் கட்டுப்படியாகாது என்று பக்கத்துப் பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதாக வந்தது. இன்று பக்கத்தைக் குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்கும்போது நானும் அதே கணக்கைத்தான் போடுகிறேன். ஆனால் வயதானவர்கள் படிக்கிற புத்தகத்தில் 11 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கமாட்டேன்.

வரிக்கு நடுவே

ஆங்கிலப் பாடங்களில் எழுத்தளவில் 120 சதவீதம் வரி இடைவெளி என்று சொல்லித் தருவார்கள். மென்பொருளின் தானியங்கி அளவும் பெரும்பாலும் அதுதான். தமிழுக்கு அது போதாது. மேல் வரியில் ‘பூ’ வந்து, அதற்கு நேர் கீழே ‘கீ’ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். 11 பாயின்ட் எழுத்துக்கு 16 பாயின்ட் வரி என்று தொடங்குங்கள். பத்து வரி உள்ள ஒரு பத்தியை 13, 14, 15, 16, 18 என ஐந்து இடைவெளிகளில் அச்சிட்டுச் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள். 13இல் மூச்சு முட்டும். 18இல் வரிகள் ஒன்றையொன்று தெரியாத ஆட்கள் மாதிரி நிற்கும். உங்கள் கண் நிற்கும் இடம் நடுவில் எங்கோ இருக்கும்.

வரியின் நீளத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்துக் கணக்கு சொல்வார்கள். தமிழில் நான் சொல்லைத்தான் எண்ணுவேன். நம் சொற்கள் நீளமானவை: ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ ஒரே சொல்தான். ஒரு வரிக்கு ஐந்து முதல் ஏழு சொற்கள் வருகிற மாதிரி அகலம் வைத்தால் படிக்கச் சுகம். அதற்கும் குறைந்தால் இருபுறமும் சமன் செய்யாதீர்கள். செய்தால், வரியில் இருக்கும் மூன்று சொற்களும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும், பத்தி நடுவே வெள்ளை ஆறு ஓடும். இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

சொல்லை உடைக்க வேண்டி வந்தால், அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்பது கண்ணுக்கும் தெரியும். ‘வரவேற்கிறோம்’ என்பதை ‘வரவே’ என்று நிறுத்திவிட்டு ‘ற்கிறோம்’ என்று தொடர்ந்தால் வாசிப்பவர் தடுக்கி விழுவார். ‘வரவேற்’ என்று முடித்து ‘கிறோம்’ என்று தொடங்குங்கள்.

இதில் நான் பட்ட அடி ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கல்யாண மண்டபத் தூணில் கட்ட ஒரு ஒடுங்கிய பேனர் செய்தேன். பழைய எழுத்துரு; எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்லாதது. அந்த எழுத்துருக்களில் கொம்பு ஒரு தனி எழுத்து, கால் ஒரு தனி எழுத்து. ‘வாழ்த்துகளோடு’ என்ற சொல் அகலத்துக்குள் அடங்கவில்லை. மென்பொருள் தனக்குத் தெரிந்த இடத்தில் உடைத்தது. ‘வாழ்த்துக’ என்பதற்குப் பின் இரட்டைக்கொம்பு மட்டும் வரிக் கடைசியில் அநாதையாகத் தொங்க, அடுத்த வரி ‘ளாடு’ என்று தொடங்கியது. திரையில் பேனரைச் சிறிதாக்கிப் பார்த்து அனுப்பிவிட்டேன். ஆறு அடி உயரத்தில் அது தொங்கியதை மண்டப வாசலில்தான் பார்த்தேன். அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது இன்னும் கனத்தது.

அதனால் தமிழ்த் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் ட்ராக்கிங்கை நான் தொடுவதே இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அது அழகு. தமிழில், பழைய எழுத்துருவிலும் சில மென்பொருள்களிலும், கொம்பு தன் எழுத்தை விட்டு விலகி முந்தைய எழுத்தோடு சேர்ந்து நிற்கும். தலைப்புக்குக் காற்று வேண்டுமானால் அதைச் சுற்றி இடம் விடுங்கள்.

ஒரு கல்யாணப் பத்திரிகை

எது முதலில் கண்ணில் பட வேண்டும், எது அடுத்து என்ற அடுக்குமுறையைப் பழகக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல பாடம் கிடையாது. பிள்ளையார் சுழி, தெய்வத்தின் துணை, தமிழ் வருடம், ஆங்கிலத் தேதி, இரு வீட்டார் பெயர்கள், படிப்பு, முகூர்த்த நேரம், மண்டபம், நல்வரவை விரும்பும் உறவினர்கள் என எல்லாமே முக்கியம் என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். அதனால்தான் பத்திரிகைகளில் ஏழு எழுத்துருவும் நான்கு நிறமும் நுழைந்துவிடுகின்றன.

வீட்டில் கிடக்கும் பழைய பத்திரிகை ஒன்றை எடுத்து, அதன் வாசகத்தை ஒரு எழுத்து மாற்றாமல் தட்டச்சு செய்யுங்கள். ஒரே எழுத்துரு, இரண்டு கனம், மூன்று அளவு: 28, 16, 11. நிறம் கறுப்பு மட்டும். கட்டம், கோடு, பூ எதுவும் கூடாது. இப்போது பத்திரிகையைக் கையில் வாங்குகிற ஒருவர் தேடும் மூன்று கேள்விகளை நினைத்துக்கொள்ளுங்கள்: யாருக்குக் கல்யாணம், எப்போது, எங்கே. மணமக்கள் பெயர் 28. தேதி, முகூர்த்தம், மண்டபம் 16. மற்றதெல்லாம் 11. முக்கால்வாசி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மீதி வேலை வெள்ளையில். ஒன்றோடொன்று சேர்ந்தவை நெருங்கி இருக்க வேண்டும், சேராதவை தள்ளி நிற்க வேண்டும். பெண்ணின் பெற்றோர் பெயர் பெண்ணின் பெயருக்கு அருகில் 4 பாயின்ட் தள்ளி. மாப்பிள்ளை வீட்டுத் தொகுதிக்கு முன் 18 பாயின்ட். நான் பார்க்கும் பத்திரிகைகளில் பாதியில் இந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு. யார் யாருக்குப் பெற்றோர் என்று இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தொகுதியையும் ஒரு சீட்டில் அச்சிட்டு, வெட்டி, வெற்றுத் தாளில் நகர்த்திப் பாருங்கள். ‘கட்டடம்’ செய்த அதே வேலைதான், இப்போது எழுத்துக்குப் பதில் பத்தி.

அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும். சாய்வெழுத்து நம் அச்சு மரபில் வேரூன்றவில்லை. மென்பொருளின் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் சுழிகள் எல்லாம் நசுங்கும்.

பெயருக்குப் பின் ஆங்கில எழுத்தில் வருகிற படிப்பு விவரத்தைக் கவனியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அதே அளவில் தமிழைவிடச் சத்தமாகப் பேசும். ஒன்று ஒன்றரை பாயின்ட் குறைத்து வைத்தால் இரண்டும் ஒரே குரலில் வரும். எண்களுக்கும் இதே கணக்கு.

பழைய புத்தகங்களைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் ‘னை’, ‘லை’ போன்றவை யானையின் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு வரும்; ‘றா’, ‘னா’ வேறு வடிவில் இருக்கும். பெரியார் 1935இல் தன் இதழில் கையாண்ட மாற்றத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றபின்தான் இன்றைய வடிவம் எங்கும் பரவியது. பழைய வடிவம் கண்ணுக்கு அழகு. பழமை காட்ட வேண்டிய புத்தக அட்டையில் கையால் வரைந்து பயன்படுத்தலாம். இளையவர்கள் படிக்க வேண்டிய இடத்தில் வேண்டாம்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாக. யூனிகோடிலேயே வேலை செய்யுங்கள். இன்டிசைனில் கொம்பு இடம் மாறி விழுந்தால், பத்தி அமைப்பில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இதே போன்ற வசதி உண்டு. காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் போதும். ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெ’வும் ‘ள’வும் தட்டியிருக்கிறார்களா, துணைக்காலுக்குப் பதில் ‘ர’ போட்டிருக்கிறார்களா என்று வாங்கிய வாசகத்தை ஒருமுறை தேடிவிடுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால் இவை கடைசி வரை தப்பிவிடும்.

அப்புறம், திரையில் முடிவெடுக்காதீர்கள். பத்திரிகையை உண்மையான அளவில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, வீட்டில் கண்ணாடி போடுகிற ஒருவரிடம் கொடுங்கள். நான் அம்மாவிடம் கொடுப்பேன். எதுவும் சொல்லாமல் அவர் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். பெயரில் தொடங்கி, தேதிக்கு வந்து, மண்டபத்தில் நின்றால் சரி. “முகூர்த்தம் எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டுவிட்டால், பத்திரிகையை வாங்கிக்கொண்டு வந்து, அந்த வரிக்கு மேலே இன்னும் 6 பாயின்ட் வெள்ளை வைத்து, மறுபடி அச்சிட்டு, மறுபடி அவரிடமே கொடுப்பேன்.